பாபு, கூலி, சாமி

மேற்கு வங்கத்தில் 1977 முதல் 2000 வரை முதலமைச்சராக இருந்த ஜோதி பாசுவை எதிர்க்கட்சிக்காரர்கள்கூட ஜோதிபாபு என்றுதான் குறிப்பிட்டார்கள். அவருக்குப் பின் வந்தவர் புத்ததேவ்பாபு. கொல்கத்தாவில் பள்ளி ஆசிரியர், வங்கி மேலாளர், பக்கத்து வீட்டுப் பெரியவர் என்று யாரையும் பெயரோடு பாபு சேர்த்து அழைக்கலாம். நம் ஊரில் ‘ஐயா’ செய்கிற வேலையை அங்கே அது செய்கிறது. அதே சொல், அதே நகரத்தில், ஆங்கிலேயர் வாயில் பல தலைமுறைகளாக ஏளனமாக ஒலித்துக்கொண்டிருந்தது. இரண்டு ஒலிகளும் ஒரே காலத்தில், ஒரே தெருவில் கேட்டன என்பதுதான் இதில் கவனிக்க வேண்டியது.

இந்த இரட்டை வாழ்க்கையைப் பதிவு செய்த நூல் 1886இல் லண்டனில் வெளிவந்தது. ஆங்கிலேயர்கள் இந்தியாவில் பேசிய கலப்புச் சொற்களைத் தொகுத்த ‘ஹாப்சன்-ஜாப்சன்’ அகராதி அது. தொகுத்தவர்கள் இருவர். ஹென்றி யூல், வங்காளப் பொறியாளர் படையில் பணிபுரிந்தவர். ஏ. சி. பர்னல், சென்னை மாகாண சிவில் சர்வீஸில் சேர்ந்து தஞ்சாவூரில் நீதிபதியாக இருந்தவர். தஞ்சை அரண்மனையின் சமஸ்கிருத ஏடுகளுக்கு அட்டவணை தயாரித்தவரும் இவரே. நூல் அச்சாவதற்கு நான்கு ஆண்டுகள் முன்பே, 1882இல் பர்னல் இறந்துவிட்டார். பாபு என்பது மதிப்புக்குரிய அடைமொழி என்று ஒப்புக்கொண்டுதான் அகராதி தொடங்குகிறது. ஆனால் வங்காளத்து வெள்ளையர்களிடையே அதில் லேசான இளக்காரம் கலந்திருப்பதாகவும், மேலோட்டமாகப் படித்த, ஆண்மை குறைந்த வங்காளியை அது சுட்டுவதாகவும், கடைசியில் ஆங்கிலம் எழுதும் எந்த இந்திய குமாஸ்தாவுக்கும் பெயராகிவிட்டதாகவும் அடுத்தடுத்துச் சொல்கிறது. ஒரே பதிவுக்குள் ஒரு சொல் படிப்படியாகக் கீழே இறங்குவதை அங்கே பார்க்கலாம்.

அகராதியின் பெயரே ஒரு கேலிதான். மொகரம் ஊர்வலத்தில் மார்பில் அடித்துக்கொண்டு ‘யா ஹசன்! யா ஹுசைன்!’ என்று அழும் குரலை ஆங்கிலச் சிப்பாய்கள் தங்கள் காதுக்கு வசதியாகத் திரித்துச் சொன்ன வடிவம் ‘ஹாப்சன்-ஜாப்சன்’. ஒரு சமூகத்தின் துக்கக் குரலை நூலுக்கு வேடிக்கைத் தலைப்பாக வைத்தபோது யூலுக்கு அதில் ஒரு தவறும் தெரியவில்லை. அவர் கெட்ட எண்ணத்தோடு செய்தார் என்று சொல்ல மாட்டேன். அந்த வட்டாரத்தில் அது சாதாரணமாக இருந்தது என்பதே நமக்குத் தேவையான சான்று.

காலனிய ஆங்கிலக் கொச்சையில் இன்று புண்படுத்துபவையாக ஒதுக்கப்பட்ட சொற்களைத் தொகுத்துப் பார்த்தால் ஒன்று தெளிவாகும். அவற்றில் பெரும்பாலானவை ஆங்கிலேயர் புதிதாகச் சமைத்த வசைகள் அல்ல. நம்முடைய சொற்களையே எடுத்து, தொனியை மாற்றி, நம்மிடமே திருப்பிக் கொடுத்தார்கள். ஆகவே அவற்றின் இழிவை வேர்ச்சொல் ஆராய்ச்சியில் தேடிப் பயனில்லை. கோப்புகளிலும் கப்பல் பதிவேடுகளிலும் பத்திரிகைகளிலும்தான் தேட வேண்டும். அந்தக் கோப்புகள் பெரும்பகுதி எழுதப்பட்ட இடம், 1911 வரை தலைநகராக இருந்த கல்கத்தா.

ஆங்கிலேயர்கள் ஒருவரை ஒருவர் கேலி செய்யவும் இந்தியச் சொற்களைத்தான் எடுத்தார்கள். ‘கோயி ஹை’ என்று வேலைக்காரனைக் கூவி அழைத்த வங்காளத்து வெள்ளையருக்குக் ‘குவி-ஹை’ என்று பட்டம். சென்னைக்காரர்கள் ‘மல்’; நம் மிளகுத்தண்ணீர் ‘மல்லிகடானி’ ஆகி, அதிலிருந்து வெட்டியெடுத்தது அது. மராட்டியப் படையெடுப்புக்குப் பயந்து 1742இல் வெட்டிய அகழிக்குள் வாழ்ந்ததால் கல்கத்தாக்காரர்கள் ‘டிச்சர்’. வியாபாரம் செய்த வெள்ளையரைச் சிவில் சர்வீஸ்காரர்கள் ‘பாக்ஸ்வாலா’ என்றார்கள்; பெட்டி தூக்கித் தெருவில் விற்பவன் என்று பொருள். இவற்றால் யாருடைய வேலையும் போகவில்லை. இன்று இவை அகராதிக்குள் தூங்குகின்றன. நாமும் சும்மா இருந்துவிடவில்லை. வெள்ளையரை மரியாதையாக அழைத்த ‘துரை’யை ‘பெரிய தொரை’ என்று திருப்பிவிட்டவர்கள் தமிழர்கள். ஆனால் அந்தக் கிண்டல் எந்த அரசுக் கோப்பிலும் ஏறவில்லை. ஏறும் வழியும் இல்லை.

பாபுவின் வீழ்ச்சிக்கு ஒரு நாள் குறிக்க வேண்டுமென்றால் பலர் 1835 பிப்ரவரி 2ஐச் சொல்வார்கள். மெக்காலே தன் கல்விக் குறிப்பை எழுதிய நாள் அது. ஆங்கிலம் படித்த ஓர் இந்திய வகுப்பை உருவாக்க வேண்டும் என்று வாதாடியவர் அவர். அதே மெக்காலே 1841இல் வாரன் ஹேஸ்டிங்ஸைப் பற்றி எழுதிய கட்டுரையில், 1775இல் கல்கத்தாவில் தூக்கிலிடப்பட்ட நந்தகுமாரை முன்னிட்டு, வங்காளிகளின் உடலை வலுவற்றது என்றும் வஞ்சகம் அவர்களுக்கு இயற்கை கொடுத்த தற்காப்பு என்றும் பக்கம் பக்கமாக எழுதினார். ஆங்கிலேய மாணவர்கள் பல தலைமுறைகளாக அந்தக் கட்டுரையைப் படித்துவிட்டுத்தான் இந்தியாவுக்குக் கப்பலேறினார்கள். வங்காளியைப் பார்ப்பதற்கு முன்பே அவனைப் பற்றிய தீர்ப்பு அவர்கள் பையில் இருந்தது.

அலுவலகம் மீதியைச் செய்தது. டல்ஹவுசி சதுக்கத்தின் ஒரு பக்கம் முழுவதையும் அடைத்துக்கொண்டு நிற்கிறது ரைட்டர்ஸ் பில்டிங். கிழக்கிந்தியக் கம்பெனியின் இளநிலை வெள்ளை எழுத்தர்களுக்காக 18ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் கட்டப்பட்டது. 2013 வரை மாநிலத் தலைமைச் செயலகமாக இருந்தது. வெள்ளையன் எழுதினால் ‘ரைட்டர்’. இந்தியனோ கலப்பினத்தவனோ எழுதினால் ‘க்ரானி’, அதாவது வங்காளத்துக் ‘கெரானி’யின் ஆங்கிலத் திரிபு. முன்னவன் பதவி உயர்ந்து கவுன்சில் வரை போகலாம். பின்னவன் ஓய்வு பெறும்வரை கெரானிதான். 1857இல் கல்கத்தா பல்கலைக்கழகம் தொடங்கிய பின் பட்டதாரிகள் பெருகினார்கள். வேலைகள் அந்த அளவுக்குப் பெருகவில்லை. சமமாக உட்காரக் கேட்டவனை ஏளனம் செய்து ஒதுக்குவது எளிதாக இருந்தது.

ஏளனத்துக்கு முதலில் அகப்பட்டது அவர்களுடைய ஆங்கிலம். கல்கத்தா உயர்நீதிமன்ற நீதிபதி அனுகூல் சந்திர முகர்ஜி இறந்த பின் அவருடைய உறவினர் ஒருவர் 1873இல் ஆங்கிலத்தில் ஒரு வாழ்க்கை வரலாறு எழுதி வெளியிட்டார். துயரத்தோடு எழுதிய நூல். மரபுத்தொடர்களை இடம் பொருள் பாராமல் அடுக்கியிருந்ததால் ஆங்கிலேயர் வீடுகளில் அது நகைச்சுவை நூலாகக் கைமாறியது. 1891இல் ‘பாபு இங்கிலிஷ்’ மாதிரிகளைத் திரட்டி ஒரு தனி நூலே வந்தது. ‘பஞ்ச்’ இதழில் எஃப். ஆன்ஸ்டி எழுதிய பாபு ஜாபர்ஜி என்ற கற்பனைப் பாத்திரம் 1897இல் புத்தகமாகி லண்டனைச் சிரிக்க வைத்தது. இந்தச் சிரிப்பின் அநியாயம் எளிமையானது. அந்த இளைஞர்கள் ஷேக்ஸ்பியரிலும் மில்டனிலும் சட்டத் தீர்ப்புகளிலும் ஆங்கிலம் கற்றவர்கள். ஆங்கிலேயரின் சாப்பாட்டு மேசையில் அவர்களுக்கு இடமில்லை. வீட்டுக்குள் விடாமலே, வீட்டுப் பேச்சு வரவில்லை என்று சிரித்தார்கள்.

கிப்ளிங்கின் ‘கிம்’ நாவல் 1901இல் வந்தது. அதில் வரும் ஹரி பாபு பெருத்த உடலும் வாய் நிறைய ஆங்கிலமுமாகச் சிரிப்பூட்டுகிறார். கூடவே, தேர்ந்த உளவாளியாகவும் இருக்கிறார். அவருக்கு முன்மாதிரி என்று பொதுவாகச் சுட்டப்படுபவர் சரத் சந்திர தாஸ். 1879இலும் 1881-82இலும் திபெத்துக்குள் போய் வந்தவர். அவருடைய திபெத்திய-ஆங்கில அகராதி 1902இல் கல்கத்தாவில் அச்சானது. பனிமலைகளைக் கால்நடையாகக் கடந்த அறிஞரை நாவல் தொந்தியோடு நடக்க வைத்தது. கிப்ளிங் பாபுவை வெறுக்கவில்லை, ரசிக்கவே செய்தார் என்று வாதிடுபவர்கள் உண்டு. இருக்கலாம். ரசனைக்குள்ளும் மேலிருந்து பார்க்கும் பார்வை இருக்கிறது.

பாபுவை முதலில் கிண்டல் செய்தவர்கள் வங்காளிகளே என்பதையும் மறைக்கக் கூடாது. பவானிசரண் பந்தோபாத்யாய் 1825இலேயே புதுப்பணக்கார பாபுக்களை நையாண்டி செய்து ‘நவபாபுவிலாஸ்’ எழுதினார். ஆந்தை என்ற புனைபெயரில் காளிபிரசன்ன சிங்கர் எழுதிய நூல் 1862இல் நகரத்து பாபுக்களைத் தோலுரித்தது. காளிகாட் கோயில் வாசலில் காலணாவுக்கும் அரையணாவுக்கும் விற்ற பட ஓவியங்களில், கொசுவம் மடித்த வேட்டியும் சுருட்டிய கிராப்பும் பம்ப் ஷூவுமாக விக்டோரியா நாற்காலியில் பாபு உட்கார்ந்திருப்பார். அடுத்த படத்தில் மனைவி துடைப்பத்தால் அவரை விளாசுவாள். நாவலாசிரியர் பங்கிம் சந்திரர் ‘பாபு’ என்ற தலைப்பிலேயே ஒரு கடும் அங்கதக் கட்டுரை எழுதினார். ஆங்கிலக் கேலி இவர்களிடமிருந்து கடன் வாங்கிக்கொண்டது. வேறுபாடு, யாருக்குத் திருந்தும் உரிமை கொடுத்தார்கள் என்பதில். பங்கிம் கேட்டது பாபு மாற வேண்டும் என்று. பஞ்ச் இதழுக்கு அவன் மாறவே முடியாதவனாக இருந்தால்தான் பிழைப்பு.

அந்தப் பங்கிமும் அரசாங்கக் கண்ணில் ஒரு பாபுதான். கல்கத்தா பல்கலைக்கழகத்தின் முதல் இரு பட்டதாரிகளில் ஒருவர், துணை மாஜிஸ்திரேட். 1873 டிசம்பரில் பஹரம்பூரில் அவர் பல்லக்கு, வெள்ளையர்கள் கிரிக்கெட் ஆடிய மைதானத்தின் வழியே போனபோது கர்னல் டஃபின் என்பவர் அவரை நிறுத்தி, கைவைத்துத் தள்ளினார். பங்கிம் அதை விழுங்கிக்கொள்ளவில்லை. வழக்குப் போட்டார். அடுத்த மாதம் திறந்த நீதிமன்றத்தில் டஃபின் மன்னிப்புக் கேட்டார்.

பத்தாண்டு கழித்து இந்தப் பிரச்சினை தனிமனிதர் அளவைத் தாண்டியது. இந்திய மாஜிஸ்திரேட்டுகள் மாவட்டங்களில் ஐரோப்பியக் குற்றவாளிகளையும் விசாரிக்கலாம் என்று இல்பர்ட் மசோதா 1883 பிப்ரவரியில் வந்தது. அதற்குக் காரணமானது பிகாரி லால் குப்தா என்ற சிவில் சர்வீஸ் அதிகாரியின் குறிப்பு: கல்கத்தா நகர மாஜிஸ்திரேட்டாக ஐரோப்பியரை விசாரிக்கும் அதிகாரம் உள்ள ஒருவர், வெளி மாவட்டத்துக்குப் பதவி உயர்வில் போனால் அதை இழப்பது என்ன நியாயம்? பிப்ரவரி 28 அன்று கல்கத்தா டவுன் ஹாலில் வெள்ளையர் பெருங்கூட்டம் கூடியது. பாரிஸ்டர் பிரான்சன் வங்காளிகளை விலங்கோடு ஒப்பிட்டுப் பேசிய பேச்சுக்கு அரங்கம் ஆர்ப்பரித்தது. நகரத்து இந்திய அட்டர்னிகள் அவருக்கு வழக்குத் தருவதை நிறுத்தினார்கள். பிறகு மன்னிப்புக் கேட்டார். மசோதா மட்டும் தப்பவில்லை. 1884 ஜனவரியில் நிறைவேறிய சட்டம், பாதிப் பேராவது ஐரோப்பியராக உள்ள ஜூரியைக் கோரும் உரிமையை வெள்ளையருக்குக் கொடுத்தது. ஏளனச் சொல் எப்படிச் சட்டப் பிரிவாக உருமாறும் என்பதற்கு இதைவிடத் தெளிவான உதாரணம் எனக்குத் தெரியாது.

வெள்ளையரிடையே உறுத்தல் இல்லாமலும் இல்லை. 1875இல் இந்தியா வந்த வேல்ஸ் இளவரசர், பின்னாளைய ஏழாம் எட்வர்ட், ஆங்கிலேய அதிகாரிகள் இந்தியரை அமெரிக்க அடிமைகளுக்கு வைத்த வசைச்சொல்லால் அழைப்பதைக் கண்டு ஊருக்கு எழுதிய கடிதங்களில் கண்டித்தார். அதிகாரிகள் அவருக்கு முன்னால் நாக்கைக் கட்டுப்படுத்தியிருப்பார்கள்; அவ்வளவுதான். ‘வாக்’ என்ற சொல்லும் இந்தக் குடும்பத்தைச் சேர்ந்ததே. மேன்மை பொருந்திய கீழைநாட்டுக் கனவான் என்று பொருள்படும் ஆங்கிலத் தொடரின் சுருக்கம் அது என்பார்கள்; பின்னால் ஜோடித்த கதை. அச்சில் அதற்குக் கிடைக்கும் பழைய விளக்கங்களில் ஒன்று 1929இல் வந்த கடலோடிகள் கொச்சை அகராதியில் இருக்கிறது. அங்கே அதன் பொருள், இந்தியக் கரையோரத்துக் கீழ்நிலை பாபு கப்பல் குமாஸ்தாக்கள். பிரிட்டனில் ஆசியர் அனைவர் மீதும் எறியப்பட்ட வசையின் தடம் பிடித்துப் போனால் துறைமுகத்துக் கெரானியிடம் வந்து நிற்கிறோம்.

சில சொற்கள் ஒரே ஆண்டில் வசையாயின. கல்கத்தாவுக்கு வடக்கே பாரக்பூரில் 1857 மார்ச் 29 அன்று மங்கள் பாண்டே என்ற சிப்பாய் துப்பாக்கி எடுத்தார். ஏப்ரல் 8இல் தூக்கு. அந்த ஆண்டு முடிவதற்குள் கிளர்ச்சி செய்த எந்தச் சிப்பாயும் ஆங்கிலேயருக்குப் ‘பாண்டி’. ஒரு குடும்பப் பெயர் எதிரிப் படை முழுவதற்கும் பெயரானது. அதே கிளர்ச்சியில் தில்லி முற்றுகையின்போது குன்றின்மேல் இருந்த ஒரு கோயிலை ஆங்கிலச் சிப்பாய்கள் ‘சாமி ஹவுஸ்’ என்றார்கள். நம் சாமி அங்கே எப்படிப் போனார்? சென்னைப் படைமுகாம்களில் தொற்றிக்கொண்ட சொல். விக்கிரகத்துக்குப் பெயராகி, கோயிலுக்குப் பெயராகி, கடைசியில் கடல் தாண்டி ஒரு மனிதக் கூட்டத்துக்கே பெயரானது. அந்தக் கதைக்குள் போவதற்கு முன் கூலியைச் சொல்ல வேண்டும்.

கூலி என்ற சொல்லின் பிறப்புக்கு இரண்டு உரிமையாளர்கள் உண்டு: குஜராத்தின் கோலி சமூகமும் தமிழ்ச் சொல்லும். இரண்டும் கலந்திருக்கவும் கூடும். தமிழ்ப் பக்கம் பார்த்தால் அது திருக்குறளிலேயே இடம்பெற்ற சொல். உழைப்புக்குக் கிடைக்கும் பலன் என்பது பொருள். ஆங்கிலம் செய்த வேலை, ஊதியத்தின் பெயரை ஊதியம் வாங்குபவனுக்கு வைத்தது. அவனுக்கு ஊரும் சாதியும் தகப்பன் பெயரும் இருந்தன. கணக்கில் ஒன்றுதான் தேவைப்பட்டது.

1834இல் ‘அட்லஸ்’ என்ற கப்பல் கல்கத்தாவிலிருந்து 36 பேரை ஒப்பந்தத்தில் ஏற்றிக்கொண்டு மொரீஷியஸ் போய்ச் சேர்ந்தது. சோட்டாநாக்பூர் மலைவாசிகள். ஆவணங்களில் அவர்கள் ‘மலைக் கூலிகள்’. 1836இல் ஜான் கிளாட்ஸ்டன், பின்னாளில் பிரதமரான கிளாட்ஸ்டனின் தகப்பனார், தன் கயானா கரும்புத் தோட்டங்களுக்கு ஆள் கேட்டுக் கல்கத்தாவின் கில்லாண்டர்ஸ் அர்பத்நாட் நிறுவனத்துக்கு எழுதினார். அங்கிருந்து போன பதில் இன்றும் படிக்கக் கூசுகிறது. இந்த மலைமக்களை மனிதனைவிடக் குரங்குக்கு அருகில் வைத்துத்தான் பேசுவார்கள் என்றும், சோறும் குடியும் தூக்கமும் தவிர அவர்களுக்குத் தேவை ஏதுமில்லை என்றும் வியாபாரக் கடித நடையில் அது சொல்கிறது. ‘விட்பி’, ‘ஹெஸ்பரஸ்’ என்ற இரு கப்பல்களில் போனவர்களில் 396 பேர் 1838 மே 5 அன்று கயானா கரையில் இறங்கினார்கள்.

கல்கத்தா சும்மா இருக்கவில்லை. அதே ஆண்டு ஜூலையில் டவுன் ஹாலில் கண்டனக் கூட்டம் நடந்தது. அரசு விசாரணைக் குழு அமைத்தது. 1840இல் வந்த அறிக்கையில் ஆட்களை ஏமாற்றியும் கடத்தியும் ஏற்றியதைப் பெரும்பான்மை உறுப்பினர்கள் உறுதிப்படுத்தினார்கள். கையெழுத்திட்டவர்களில் ரசமய தத்தா என்ற வங்காளியும் ஒருவர். ஒரு பாபு, கூலிக்காகக் கையெழுத்துப் போட்டார் என்று சொல்லலாம். ஏற்றுமதி சில ஆண்டு நின்றது. 1842இல் மொரீஷியஸுக்கும், பிறகு கரீபியத் தீவுகளுக்கும் மறுபடி தொடங்கியது. 1917இல் நிறுத்தப்படும் வரை கல்கத்தாவும் சென்னையும்தான் முதன்மை வாசல்கள். பிஜித் தீவை எடுத்துக்கொண்டால், போன சுமார் 60,000 பேரில் ஏறத்தாழ 45,000 பேர் கல்கத்தா வழியாகவும் 15,000 பேர் 1903க்குப் பின் சென்னை வழியாகவும் போனார்கள்.

கார்டன் ரீச், கிதர்பூர் பகுதியில் ஹூக்ளிக் கரையோரம் டிப்போக்கள் இருந்தன. அங்கே ஒவ்வொருவருக்கும் ஓர் அச்சடித்த சீட்டு எழுதப்பட்டது. கப்பலின் பெயர், அதில் ஆளின் எண், தகப்பன் பெயர், வயது, சாதி, ஜில்லா, தாணா, கிராமம், உயரம், உடலில் உள்ள அடையாளம் எல்லாம் அதில் உண்டு. பிஜியிலும் சுரினாமிலும் கயானாவிலும் உள்ள பேரப்பிள்ளைகள் இன்று தங்கள் ஊரைக் கண்டுபிடிக்க அந்தச் சீட்டைத்தான் நம்பியிருக்கிறார்கள். இத்தனை விவரமும் எழுதிவிட்டு, தோட்டத்தில் அவர்களைக் கூப்பிட ஒரே ஒரு சொல்லை வைத்துக்கொண்டார்கள்.

தென்னாப்பிரிக்காவின் நேட்டாலில் இந்தச் சொல் சட்டை மாற்றிக்கொண்டது. 1860 நவம்பர் 16 அன்று ‘ட்ரூரோ’ கப்பல் சென்னையிலிருந்து 342 பேரோடு டர்பனில் நங்கூரமிட்டது. சில நாளில் கல்கத்தாவிலிருந்து இன்னொன்று. பின்னால் சொந்தச் செலவில் போன வணிகரும் கூலி, ஆசிரியரும் கூலி. 1893இல் போன காந்தி ‘கூலி பாரிஸ்டர்’. தமிழர்களுக்கு இன்னொரு பெயர் கிடைத்தது: ‘சாமி’. முனுசாமி, ராமசாமி என்று முடிந்த பெயர்களைக் கேட்ட வெள்ளையர் அந்த வாலைப் பிடித்துக்கொண்டார்கள். சூடுசுரணையுள்ள சில இந்தியர் இதற்குச் சொன்ன பதிலைக் காந்தி தன் சுயசரிதையில் பதிவு செய்திருக்கிறார். சாமி என்றால் எஜமான் என்று பொருள், நான் உங்கள் எஜமான் இல்லையே என்பார்களாம். சிலர் நெளிவார்கள், சிலர் அடிக்க வருவார்கள் என்கிறார்.

இந்த அவமானங்களை எழுதிய பச்சை அட்டைப் பிரசுரத்தோடு காந்தி 1896இல் இந்தியா சுற்றினார். எஜமான் அடித்து வாயில் ரத்தம் வழியத் தன்னிடம் வந்த தமிழ்த் தொழிலாளி பாலசுந்தரத்தின் கதை சென்னைக் கூட்டத்தை உருக்கியது. பிரசுரம் இங்கே பத்தாயிரம் படிகள் மறுபதிப்பானது. கல்கத்தாவில் அந்த வரவேற்பு இல்லை. வங்காளிப் பத்திரிகை ஆசிரியர் ஒருவர் ஒரு மணி நேரம் காக்க வைத்தார். ஆங்கிலேயரின் ‘இங்கிலிஷ்மேன்’ இதழ் ஆசிரியர் சாண்டர்ஸ் இடம் கொடுத்தார். கிரேட் ஈஸ்டர்ன் ஓட்டலில் பழக்கமான ஓர் ஆங்கிலப் பத்திரிகையாளர் அவரை பெங்கால் கிளப்புக்கு அழைத்துப்போக, இந்தியரை வரவேற்பறைக்குள் விட முடியாது என்று தெரிந்து, வெட்கத்தோடு தன் அறைக்குக் கூட்டிச்சென்றார். டர்பனில் கூலி பாரிஸ்டராக இருந்தவர் கல்கத்தா கிளப் வாசலில் என்னவாக இருந்தார் என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

கூலியை ஏளனம் செய்தவன் வெள்ளையன் மட்டுமா? காஜி நஸ்ருல் இஸ்லாம் 1925இல் எழுதிய ‘குலி-மஜூர்’ கவிதை ரயிலில் நடக்கும் ஒரு காட்சியோடு தொடங்குகிறது. ஒரு கூலியைக் கூலி என்பதற்காகவே கீழே பிடித்துத் தள்ளுகிறான் ஒருவன். தள்ளுபவன் பாபு சாகிப். ஆண்மையற்றவர்கள் என்று ஒதுக்கப்பட்ட வங்காளிகளுக்கு முதல் உலகப் போரில்தான் தனிப் படைப்பிரிவு கிடைத்தது; 49ஆம் வங்காளப் பிரிவு. அதில் கராச்சியில் ஹவில்தாராக இருந்துவிட்டு வந்தவர் நஸ்ருல். பாபு என்ற ஏளனத்தின் சூடு தெரிந்த தலைமுறை, தன் காலடியில் இருப்பவனை என்ன சொல்லி அழைக்கிறது என்று அவர் கேட்டார்.

ஆங்கிலோ-இந்தியர் விஷயமும் இப்படித்தான். ஹிந்து கல்லூரியின் இளம் ஆசிரியர் டெரோசியோவைத் தந்த சமூகம் அது. ஆங்கிலேயர் அவர்களை ‘ஹாஃப்-காஸ்ட்’ என்றும், அவர்கள் உச்சரிப்பைப் பரிகசித்து ‘சீ-சீ’ என்றும் சொன்னார்கள். 1911 கணக்கெடுப்பில்தான் ஆங்கிலோ-இந்தியர் என்ற பெயர் அதிகாரபூர்வமானது. வங்காளிகள் வைத்த ‘ட்யாஷ்’ என்ற பட்டமும் கௌரவமானதல்ல. சுகுமார் ராயின் குழந்தைக் கவிதைத் தலைப்பு வரை அது ஏறியிருக்கிறது. நாம் ‘சட்டைக்காரர்’ என்றோம். இலங்கைத் தேயிலைத் தோட்டங்களில் வெள்ளையன் கூலி என்றவர்களை, யாழ்ப்பாணத் தமிழர் ‘தோட்டக்காட்டான்’ என்றார்கள்.

இன்று நிலைமை கலவையாக இருக்கிறது. கிதர்பூரில் 2011இல் ஒப்பந்தத் தொழிலாளர்களுக்கு நினைவுக்கல் வைத்தார்கள். 2015 அக்டோபரில் கொல்கத்தாவின் சுரினாம் படித்துறையில் மூட்டையோடு நிற்கும் கணவன் மனைவி சிலையை அப்போதைய வெளியுறவு அமைச்சர் சுஷ்மா சுவராஜ் திறந்து வைத்தார். அடுத்த ஆண்டு ரயில்வே பட்ஜெட்டில் நிலையக் கூலிகள் இனி ‘சஹாயக்’ என்று அறிவிப்பு வந்தது. ஹவுரா நிலையத்தில் சிவப்புச் சட்டையும் கையில் பித்தளை வில்லையுமாக நிற்பவரை அந்தப் பெயரில் கூப்பிடும் பயணி அபூர்வம். தென்னாப்பிரிக்காவில் ஓர் இந்திய வம்சாவளியினரைக் கூலி என்றால் விவகாரம் நீதிமன்றம் வரை போகலாம். தமிழ்நாட்டில் 2025இல் ரஜினிகாந்த் படத்துக்கு அதுவே பெயர்; திரையரங்கில் விசில். 1903இல் கர்ப்பிணியாகக் கல்கத்தாவிலிருந்து தனியாகக் கப்பலேறிய கொள்ளுப்பாட்டியின் வாழ்க்கையைத் தேடி எழுதிய கயூத்ரா பகதூர், தன் நூலுக்கு ‘கூலிப் பெண்’ என்றே பெயரிட்டார். அந்தச் சொல்லை எடுத்தாள அவருக்கு இருக்கும் உரிமை, தோட்ட முதலாளியின் பேரனுக்கு இல்லை. எனக்கு இதில் முரண் எதுவும் தெரியவில்லை.

ஒரு சொல் மட்டும் எந்தக் கூச்சமும் இல்லாமல் உலகெங்கும் உலவுகிறது. அது கிளம்பிய இடமும் நம் மண்தான். பறையர் என்ற சமூகப் பெயரை ஆங்கிலம் ‘பரையா’ ஆக்கியது. கல்கத்தாவின் தெருநாய்கூட வெள்ளையருக்குப் ‘பரையா டாக்’, கொச்சையில் ‘பை-டாக்’. இரட்டைமலை சீனிவாசன் 1893இல் அந்தப் பெயரையே தலைப்பாக வைத்து ‘பறையன்’ இதழைத் தொடங்கி, வசையைக் கொடியாகப் பிடித்தார். அயோத்திதாசர் அந்தப் பெயரையே மறுத்தார். இரண்டும் அந்த மக்களின் விடைகள். ஆங்கில இதழ்களோ எதையும் கேட்டுக்கொள்ளவில்லை. உலக நாடுகள் ஒதுக்கிவைத்த எந்த அரசையும் ‘பரையா ஸ்டேட்’ என்று இன்றும் தலைப்பிடுகிறார்கள்; சென்னையிலும் கொல்கத்தாவிலும் வெளியாகும் நாளேடுகளும் அதை அப்படியே எடுத்துப் போடுகின்றன. லண்டன்காரர்களுக்கு அதன் பொருள் தெரியாமல் இருக்கலாம். ஆங்கிலத்தில் எழுதும் தமிழருக்குத் தெரியும். அவர்களாவது அந்தச் சொல்லை இன்றோடு விட்டுவிட வேண்டும்.